மோட்டோரிக்: ‘இயந்திரத் தாளம்’ என்று எழுதாதீர்கள்

எழுபதுகளின் ஜெர்மன் ராக் இசையைப் பற்றித் தமிழில் யார் எழுதினாலும், இரண்டாவது பத்தியிலேயே ‘இயந்திரத் தாளம்’ வந்துவிடுகிறது. இல்லாவிட்டால் ‘எந்திர லயம்’, ‘பொறித்தாளம்’. மூன்றுமே, அந்த இசையின் ஒருவகை டிரம் தாளத்துக்கு வழங்கும் ‘மோட்டோரிக்’ என்ற ஜெர்மன் சொல்லைத் தமிழாக்குவதாக நினைத்து எழுதப்படுபவை. மூன்றுமே தவறு.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அசைப்பது, நகர்த்துவது என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து ‘மோட்டார்’ வந்தது. ஜெர்மனில் ‘மோட்டோரிக்’ என்றால் உடலின் இயக்கத் திறன். குழந்தை பென்சில் பிடிக்கப் பழகுவது, தவழ்வது, பந்து எறிவது எல்லாம் அந்த ஊர் மருத்துவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் மோட்டோரிக்தான். அதாவது சொல்லுக்குள் இருப்பது தசையும் நரம்பும், பல்சக்கரம் அல்ல. இதை இசைக்குச் சூட்டியவர்கள் பத்திரிகைக்காரர்கள். வண்டி மோட்டாரும் அவர்கள் மனத்தில் ஓடியிருக்கும், மறுக்கவில்லை.

சரி, எதற்கு அந்தப் பெயரைச் சூட்டினார்கள்? டுசல்டார்ஃப் நகரத்தில் கிளவுஸ் டிங்கர், மிக்கேல் ரோட்டர் என்ற இருவர் கிராஃப்ட்வெர்க் குழுவில் கொஞ்ச காலம் வாசித்துவிட்டு, 1971-இல் வெளியே வந்து தனிக்குழு தொடங்கினார்கள். குழுவின் பெயருக்குப் பொருள் ‘புதிது!’. ஜெர்மன் உச்சரிப்பைத் தமிழில் அப்படியே எழுதினால் ‘நோய்!’ என்று வரும். நம்மவர்கள் ‘நியூ’ என்று எழுதித் தப்பிக்கிறார்கள். இந்த ஒன்றில் மட்டும் அவர்களை மன்னித்துவிடலாம். கோனி பிளாங்க் ஒலிப்பதிவு செய்த முதல் இசைத்தட்டு 1972-இல் வெளிவந்தது. அதன் முதல் பாட்டு ‘ஹாலோகாலோ’ பத்து நிமிடம் ஓடும். நான்கு எண்ணிக்கை, அதை இரண்டிரண்டாகப் பிளந்தால் எட்டு. நான்கில் இரண்டாவதிலும் நான்காவதிலும் ஸ்னேர் என்ற சிறு டிரம்மின் அடி விழும். மீதி இடங்களைப் பெரும்பாலும் காலால் அடிக்கும் பேஸ் டிரம் நிரப்பும். மேலே ஹை-ஹாட் என்ற ஜோடி உலோகத் தட்டு விடாமல் எட்டையும் எண்ணிக்கொண்டே போகும். அவ்வளவுதான். ராக் டிரம்மர்கள் நான்கு சுற்றுக்கு ஒருமுறை செய்கிற உருட்டல்கூட அநேகமாகக் கிடையாது. மிருதங்கம் கேட்டுப் பழகிய காது, வாசிப்பை முடித்துவைக்கும் தீர்மானத்துக்காகக் காத்திருக்கும். தீர்மானம் வராது.

இதை வாசித்த டிங்கருக்கு ‘மோட்டோரிக்’ என்ற பெயரே பிடிக்கவில்லை. அவர் சொன்னது ‘லாங்கெ கெராடெ’, நீண்ட நேர்கோடு. பிற்காலத்தில் ‘அப்பாச்சி பீட்’ என்றும் சொன்னார். வாழ்க்கையில் நிற்காமல் போய்க்கொண்டே இருப்பதைப் பற்றியது இந்தத் தாளம் என்பது அவர் விளக்கம். வாசித்தவரே இயந்திர வாடை வேண்டாம் என்று ஒதுக்கியதை நாம் இரட்டிப்பாக்கி, மோட்டாரையும் தாண்டி முழு இயந்திரமாகவே ஆக்கிவிட்டோம்.

‘இயந்திரத் தாளம்’ கட்சியினர் வழக்கமாகக் காட்டும் சாட்சி, கொலோன் நகரத்து கேன் குழுவின் டிரம்மர் யாக்கி லீபெட்சைட். ‘பாதி மனிதன், பாதி இயந்திரம்’ என்று அவரைப் புகழ்வார்களாம். புகழ்வார்கள்தான். அவர் மனிதர் என்பதால்தானே அது புகழ்ச்சி! களைக்காமல் அரைக்கிறது என்று கிரைண்டரை யாரும் மெச்சுவதில்லை. அதோடு, லீபெட்சைட் வாசிப்பதை மோட்டோரிக் கணக்கில் சேர்ப்பதே எனக்குச் சம்மதமில்லை. கட்டுப்பாடில்லாத ஜாஸ் வகையான ஃப்ரீ ஜாஸிலிருந்து வந்தவர் அவர். கேன் குழுவின் பதினெட்டு நிமிட ‘ஹலேலுவா’வில் வாசிப்பது சுழன்று சுழன்று தொடங்கிய இடத்துக்கே வரும் சுற்று. அதற்கு ‘ஆவர்த்தனம்’ என்ற நம் சொல்லே கச்சிதமாகப் பொருந்தும். டிங்கருடையது சுழலாது, போகும். ஒரே பெட்டியில் இரண்டையும் போட்டு மேலே ‘இயந்திரம்’ என்று சீட்டு ஒட்டினால், கேட்கிறவனுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்?

பெரிய சிக்கல் வேறு. நிஜமான இயந்திரத் தாளம் என்று ஒன்று இருக்கிறதே, அதை என்னவென்று சொல்வது? தாளத்தைத் தானே தட்டும் மின்பெட்டியான டிரம் மெஷின் அந்தக் காலத்திலேயே இவர்கள் கைக்கு வந்துவிட்டது. அதே ரோட்டர் ஃபோர்ஸ்ட் என்ற கிராமத்துக்குப் போய் மோபியஸ், ரோடலியஸ் என்ற இருவரோடு ஹார்மோனியா குழுவைத் தொடங்கினார். 1974-இல் வந்த முதல் இசைத்தட்டில் டிரம் மெஷின்தான் தட்டுகிறது. கேன் குழுவின் ‘ஸ்பூன்’ பாட்டில் டிரம் மெஷின் ஒருபக்கம் ஓட, லீபெட்சைட் அதனோடு சேர்ந்து வாசிக்கிறார். இந்தப் பாட்டைப் பற்றி எழுதும்போது எது இயந்திரத் தாளம்? இரண்டுமா? பெட்டிக்குப் போகவேண்டிய பெயரை ஆளுக்குக் கொடுத்துவிட்டு, பெட்டிக்குப் பெயரில்லாமல் தவிப்பது என்ன தமிழ்ப்பணி?

தமிழில் ‘இயந்திரத்தனமாக’ என்றாலே ஏச்சு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மனசில்லாமல் வேலை செய்கிறவனைத்தான் அப்படிச் சொல்வோம். ஹாலோகாலோவில் இருக்கும் குதூகலத்துக்கு அந்தச் சொல் அநியாயம்.

இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்றால், ஜெர்மன் சொல்லை ஆங்கிலம் வழியாக, அதையும் அகராதியின் முதல் வரி வழியாகப் பார்ப்பதிலிருந்து. இதே இசையை வருணிக்கும், உந்திச் செல்லும் தாளம் என்று பொருள்படும் ‘டிரைவிங் ரிதம்’ என்ற தொடரை ‘வாகனம் ஓட்டும் தாளம்’ என்று எழுதியதையும் படித்திருக்கிறேன். கிராஃப்ட்வெர்க் 1974-இல் ‘ஆட்டோபான்’ (நெடுஞ்சாலை) என்ற இசைத்தட்டைப் போட்டதால் இவர்கள் எல்லாரும் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டே வாசித்தார்கள் என்று நினைப்பு போலிருக்கிறது. தாளம் ஆளை இழுத்துக்கொண்டு போகும் போக்கைக் குறிக்கும் ‘க்ரூவ்’ என்பதைப் ‘பள்ளம்’ என்று போட்டவரும் உண்டு. பாட்டை ஒருமுறை கேட்டிருந்தால் கை தானாக அடித்துத் திருத்தியிருக்கும்.

இந்த ஜெர்மன் ராக் இசைக்கு வழங்கும் ‘கிரௌட்ராக்’ என்ற பெயரை ‘முட்டைக்கோஸ் ராக்’ என்று எழுதுவது இன்னொரு கூத்து. ‘கிரௌட்’ என்றால் ஜெர்மனில் முட்டைக்கோஸ்தான்; ஆனால் அது போர்க்காலத்தில் ஜெர்மானியரைக் கேலி செய்ய எதிர்த்தரப்பினர் வைத்த வசைப்பெயர். இந்த இசைக்கு அதைப் பரப்பியது பிரிட்டிஷ் பத்திரிகைகள். ஃபௌஸ்ட் என்ற ஜெர்மன் குழு அதைக் கிண்டலாகத் திருப்பி, 1973-இல் ஒரு பாட்டுக்கே ‘கிரௌட்ராக்’ என்று பெயர் வைத்தது. வசையின் கதை முழுவதும் அந்த ஒலியில் இருக்கிறது. காய்கறியாக மாற்றினால் கதை போய்விடும். கிரௌட்ராக் என்றே எழுதுங்கள்.

மோட்டோரிக்குக்கு என்ன செய்யலாம்? ‘முடுகு’ என்று ஒரு நண்பர் சொன்னார். அழகான சொல், யாப்பில் ஏற்கெனவே இருப்பது. ஆனால் முடுகு என்றால் வேகம் கூட வேண்டும். இங்கே வேகம் கூடுவதில்லை, நிலைத்து நிற்கிறது. ‘உந்து தாளம்’ பரவாயில்லை, ஆனால் பின்னாலிருந்து யாரோ தள்ளுவதுபோல் இருக்கிறது. நான் ‘நெட்டோட்டத் தாளம்’ என்று எழுதுகிறேன். நெடு எழுத்து நெட்டெழுத்து ஆவதுபோல நெடு ஓட்டம் நெட்டோட்டம். டிங்கரின் நீண்ட நேர்கோடும், ஜெர்மன் சொல்லிலுள்ள உடலியக்கமும் இரண்டுமே இதில் வருகின்றன. பின்னாளில் ஸ்டீரியோலேப் போன்ற குழுக்கள் எடுத்துக்கொண்டதும் இந்த ஓட்டத்தைத்தான். முதல் இடத்தில் ‘மோட்டோரிக் எனப்படும் நெட்டோட்டத் தாளம்’, அப்புறம் வெறும் ‘நெட்டோட்டம்’. தமிழாக்கமே வேண்டாம் என்பவர்கள் மோட்டோரிக் என்றே விட்டுவிடலாம். ‘மோட்டாரிக்’ என்று மட்டும் எழுதவேண்டாம்.