ரி-56 ஐ சும்மா ஆக்கள் வைச்சிருக்க ஏலுமா? துவக்குச் சட்டம் சொல்றது

ரி-56 எண்டது ஆமி பாவிக்கிற ஒட்டோமெட்டிக் துவக்கு. அதை வைச்சிருக்க ஏலுமா எண்டா நேராவே சொல்றன், ஏலாது. எவ்வளவு காசிருந்தாலும், உயிருக்கு ஆபத்து எண்டு கடிதத்துக்கு மேல கடிதம் குடுத்தாலும், சாதாரண ஆளுக்கு மெசின் கன் வகை எதுக்கும் இலங்கையில லைசன்ஸ் கிடைக்காது. திருகோணமலையில கோணேஸ்வரத்துக்குப் போகேக்க பிரெட்ரிக் கோட்டைக்குள்ள ஆமிக்காரர்ட கையில பாக்கிற அந்தச் சாமான் அவருக்கே சொந்தமில்ல, அது அரசாங்கத்தின்ட, கடமைக்குக் குடுத்தது. முந்தி எல்லைக் கிராமங்கள்ள ஊர்காவல் படைக்குக் குடுத்ததும் அப்பிடித்தான்.

அடிப்படைச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தது, 1916 ஆம் ஆண்டின்ட 33 ஆம் இலக்க சுடுகலன் கட்டளைச் சட்டம். ஆனா கனக்கப் பேருக்குத் தெரியாதது 1996 ல வந்த 22 ஆம் இலக்கத் திருத்தம்தான். ஒருக்கா விசையை அமத்தினா தொடர்ந்து ரவை பாயிற ஒட்டோமெட்டிக் துவக்கும், ஒவ்வொருக்காவும் ரவை போடாம அடுத்தடுத்துச் சுடக்கூடிய ரிப்பீட்டர் சொட்கன்னும் லைசன்ஸ் இல்லாம ஆரிட்டயும் பிடிபட்டா தண்டனை ஆயுள். சுட்டியோ, சுடேல்லயோ, ஆருக்கும் காயமோ எண்டெல்லாம் பாக்கிறேல்ல, வைச்சிருந்தாலே குற்றம். துவக்கைப் பாவிச்சு கொள்ளை மாதிரிக் குற்றம் செய்தா மரண தண்டனை வரைக்கும் போகும். "கூட்டாளின்ட, ரெண்டு நாளைக்கு வைச்சிரு எண்டான்" எண்டு சொல்லித் தப்பலாம் எண்டு நினைக்காதீங்க, ஆர்ட பொறுப்பில கிடந்தது எண்டதுதான் வழக்கில முதல் கேள்வி, பிணை எடுக்கிறதும் மற்ற வழக்கு மாதிரி லேசில்ல.

இன்னொண்டு, முழுத் துவக்கு இல்லாட்டிலும் பிரச்சினைதான். துவக்கு எண்டா என்ன எண்டு சட்டம் சொல்ற விதமே வேடிக்கை, 15 அடி தூரத்தில அட்டைகளை வரிசையா வைச்சுச் சுட்டு 11 அட்டைக்கு மேல துளைச்சாத்தான் அது துவக்காம், பழைய காலத்து மூளை. ஆனா அதே வரைவிலக்கணத்துக்குள்ள துவக்கின்ட பாகங்களும் அடங்கும், அதால பழைய குழல் ஒண்டை இரும்புச் சாமான்தானே எண்டு வளவுக்குள்ள போட்டு வைக்கிறதும் ஆபத்து.

யூடியூப்பில அமெரிக்காக்காரன் கடகடவெண்டு சுடுறதைப் பாத்திட்டு அங்க ஆரும் வாங்கலாம் எண்டு பொடியள் நினைக்கிறாங்கள். அங்கயும் 1934 ல இருந்து மெசின் கன்னைப் பதியோணும், 200 டொலர் வரி கட்டோணும், 1986 மே 19 க்குப் பிறகு செய்ததைத் தனியாக்கள் வாங்கவே ஏலாது. பழசு கொஞ்சம்தான் மிச்சம், அதால விலையும் பயங்கரம்.

எங்கட திருகோணமலை மாவட்டத்தில இதைப் பற்றிக் கதைக்க வேண்டிய காரணம் வேற. மூதூர், சம்பூர், வெருகல், குச்சவெளிப் பக்கம் கிணறு வெட்டேக்க, காணி துப்பரவாக்கேக்க சண்டைக் காலத்தில பொலித்தீன்ல சுத்திப் புதைச்ச துவக்கோ ரவையோ வெளிப்பட்டா என்ன செய்யிறது? தொடாதீங்க, தூக்கி வீட்டுக்குக் கொண்டு போகாதீங்க, ஆரும் பக்கத்தில போகாம அடையாளம் ஒண்டு வைச்சிட்டு 119 க்கோ கிட்ட இருக்கிற பொலிஸுக்கோ சொல்லுங்க, ஜீ.எஸ்ஸுக்கும் (கிராம சேவகர்) சொல்லி வையுங்க. பயத்தில திருப்பி மூடிவிடுற ஆக்கள் இருக்கினம், அது விளங்குது, போய்ச் சொன்னா எங்களையே சந்தேகப்படுவாங்களோ எண்ட பயம் சும்மா வந்ததில்ல. ஆனா மூடி வைச்சது பிறகு வேற ஒருத்தற்ற கண்ணில பட்டா உங்கட காணி, உங்கட பேர், அப்ப விளக்கம் சொல்றது இன்னும் கஷ்டம்.

சரி, கமக்காரர்ட சொட்கன்? அது வேற கதை. கந்தளாய், தம்பலகாமம் பக்கம் பண்டியும் குரங்கும் மயிலும் வயலையும் தோட்டத்தையும் நாசமாக்கிற இடத்தில பயிர்க்காவலுக்கு சொட்கன் லைசன்ஸ் கேக்கலாம். ஜீ.எஸ், டி.எஸ் ஒபிஸ் (பிரதேச செயலகம்), பொலிஸ் அறிக்கை எண்டு சுத்தி விண்ணப்பம் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போகும். தற்பாதுகாப்புக்கு எண்டா பாதுகாப்பு அமைச்சு. உண்மையைச் சொன்னா பயிர்க்காவல் லைசன்ஸை இன்னும் சுறுக்கா குடுக்கலாம், குடுக்காட்டி சனம் மிருகம் போற வழியில கட்டி வைச்சு, தட்டுப்பட்டாத் தானா வெடிக்கிற கட்டுத்துவக்குக்குத்தான் போகுது, அது சட்டவிரோதம் எண்டது ஒரு பக்கம், விறகுக்குப் போற மனிசருக்கே வெடி விழுது. யானைக்கு எந்த லைசன்ஸும் உதவாது, சுட்டா வனசீவராசிச் சட்டத்தில தனி வழக்கு. அதுக்கு வனசீவராசிகள் திணைக்களம் குடுக்கிற, சத்தத்தால விரட்டிற யானை வெடிதான்.

லைசன்ஸ் ஒரு வருசத்துக்குத்தான் செல்லும், அடுத்த வருசத்துக்குப் புதுப்பிக்கிறது ஒக்டோபர் 1 இல இருந்து டிசம்பர் 31 க்குள்ள. 2024 கடைசியில பாதுகாப்பு அமைச்சு தற்பாதுகாப்புக்குக் குடுத்த துவக்குகளையெல்லாம் மீளாய்வுக்கெண்டு வெலிசறை நேவிக் காம்பில கொண்டுவந்து ஒப்படைக்கச் சொன்னதையும் நினைவில வைச்சிருங்க, குடுத்ததைத் திருப்பிக் கேக்கிற உரிமை அவையளுக்கு இருக்கு. லைசன்ஸ் ஆளுக்குத்தான், குடும்பத்துக்கில்ல. அப்பா காலமாயிட்டா அவர்ட சொட்கன் மகனுக்குத் தானா வந்திடாது, பொலிஸில ஒப்படைச்சு ரசீதுத் துண்டு வாங்கிக்கொண்டு பிறகு உங்கட பேரில புதுசா விண்ணப்பியுங்க, அந்தத் துண்டைக் கவனமா வைச்சிருங்க.