‘செயலூக்கக் கேட்டல்’ என்றால் என்னவாம்?

பள்ளிகளில் நெருக்கடியைக் கையாள்வது குறித்து ஆசிரியர்களுக்குத் தமிழில் எழுதப்படும் குறிப்புகளில் ‘செயலூக்கக் கேட்டல்’ என்ற தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. சிலர் ‘செயலில் கேட்டல்’ என்கிறார்கள். இன்னும் துணிந்தவர்கள் ‘செயல்திறன்மிகு கேட்டல்’ வரை போய்விட்டார்கள். எல்லாம் ‘ஆக்டிவ் லிசனிங்’ என்பதற்காகச் செய்த சொற்கள். படித்து முடிக்கும் ஆசிரியருக்கு, தான் செய்ய வேண்டியது என்ன என்பது மட்டும் பிடிபடாது.

இந்த ஆங்கிலத் தொடரின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்க உளவியலாளர்கள் கார்ல் ரோஜர்ஸும் ரிச்சர்ட் ஃபார்சனும் 1957இல் அதே பெயரில் ஒரு சிறு நூலை வெளியிட்டார்கள். ரோஜர்ஸிடம் பயின்ற தாமஸ் கார்டன் இந்த முறையைப் பெற்றோரிடமும், 1970களில் ஆசிரியர்களிடமும் கொண்டுசேர்த்தார். இன்னொரு பக்கம், இஸ்ரேலிய விளையாட்டு வீரர்கள் பணயக்கைதிகளாகப் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்ட 1972 மியூனிக் ஒலிம்பிக் படுகொலைக்குப் பிறகு நியூயார்க் காவல்துறை பணயக்கைதிகளை மீட்கப் பேச்சுவார்த்தைக் குழு ஒன்றை அமைத்தது. பின்னாளில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. வகுத்த படிக்கட்டு மாதிரியில் கேட்பதுதான் முதல் படி. பரிவு, இணக்கம், செல்வாக்கு, நடத்தை மாற்றம் எல்லாம் அதற்கு மேலேதான். கழிப்பறைக்குள் தாழிட்டுக்கொண்ட மாணவியிடமும், வகுப்பில் நாற்காலியைத் தூக்கி எறிந்த மாணவனிடமும் பேச நேரும் ஆசிரியருக்கு இந்தப் படிவரிசை பொருந்துவதால்தான் சொல் பள்ளிக்குள் வந்திருக்கிறது.

இனி மொழிபெயர்ப்புக்கு வருவோம். தமிழில் ‘கேள்’ என்ற வினைக்கு இரண்டு வேலைகள். காதால் கேட்பதும் அதுதான், வாயால் வினவுவதும் அதுதான். ‘ஆசிரியர் மாணவனைக் கேட்டார்’ என்று எழுதினால், அவர் விசாரித்தார் என்றுதான் யாரும் புரிந்துகொள்வார்கள். அந்தக் ‘கேட்டல்’ முன்னால் ‘செயலூக்கம்’ என்று ஓர் எரிபொருளையும் ஊற்றினால் கிடைப்பது தீவிர விசாரணை. ‘ஏன் அடித்தாய்? யார் தொடங்கியது? உன் அப்பாவுக்குத் தெரியுமா?’ கொதித்துப்போய் நிற்கும் பிள்ளையிடம் முதல் சில நிமிடங்களில் செய்யவே கூடாதது எதுவோ, அதையே இந்தத் தொடர் பரிந்துரைப்பதுபோல ஒலிக்கிறது.

‘செயல்’ என்ற சொல்லும் தவறான இடத்தில் நிற்கிறது. ஆங்கிலத்தில் அந்த அடைமொழிக்கு ஒரு தேவை இருந்தது. கேட்பது என்றால் சும்மா இருப்பது என்ற எண்ணத்தை மறுக்கத்தான் ரோஜர்ஸ் அதைச் சேர்த்தார். கேட்பவர் இடையில் வெட்டாமல் இருக்கிறார். சொன்னதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கிறார். ‘அவமானமாக இருந்திருக்கிறது போலிருக்கிறதே’ என்று உணர்ச்சிக்குப் பெயர் கொடுக்கிறார். தேவையான இடத்தில் மௌனம் காக்கிறார். இவற்றில் பாதி, செய்யாமல் இருப்பது. ‘செயலூக்கம்’ என்று படித்துவிட்டு வரும் ஆசிரியரோ நொடிக்கொருமுறை தலையாட்டி, கண்ணைக் கண்ணைப் பார்த்து, ‘புரிகிறது, புரிகிறது’ என்கிறார். எதுவும் புரியவில்லை என்பது பிள்ளைக்கு உடனே தெரிந்துவிடும். (இலக்கணத்தில் ஆக்டிவ் என்றால் செய்வினைதானே என்று யாரும் ‘செய்வினைக் கேட்டல்’ என எழுதவில்லை, அந்த மட்டில் தப்பித்தோம்.)

தமிழில் இதற்கு அடைமொழியே வேண்டாம். ‘செவிமடுத்தல்’ இருக்கிறது. மடுத்தல் என்றால் உட்கொள்ளுதல், நிறைத்தல். ஒலி காதில் வந்து விழுவது வேறு. செவி அதை வாங்கிக்கொள்வது வேறு. ‘கேட்பினுங் கேளாத் தகையவே’ என்று குறள் சொல்லும் செவி முதல் வகை. அங்கே பேச்சு சான்றோரிடம் பெறும் கேள்வியறிவைப் பற்றியது என்றாலும், ஒலி காதில் விழுவதைக் கேட்பதாகக் கொள்ளமுடியாது என்ற பாகுபாடு அப்போதே நம்மிடம் இருந்தது. மடுத்தலுக்குள்ளேயே வினை இருக்கும்போது, வெளியே இன்னொரு ‘செயல்’ எதற்கு?

‘செவிசாய்த்தல்’ என்று சொல்பவர்களும் உண்டு. அழகான சொல்தான், ஆனால் இங்கே ஆபத்தானது. ‘கோரிக்கைக்கு அரசு செவிசாய்த்தது’ என்று நாளிதழ் எழுதினால், அரசு இணங்கிவிட்டது என்று பொருள். நெருக்கடியில் கேட்பது இணங்குவதாகாது. ‘உனக்கு அவன்மேல் கோபம்’ என்று திருப்பிச் சொல்வதால், அவனை அடித்ததை ஆசிரியர் ஏற்றுக்கொண்டதாகிவிடாது. இந்த வேறுபாடு குழம்பினால், ஆசிரியர் அந்த முறையையே கைவிட்டுவிடுவார்.

செவிமடுத்தல் பண்டிதத்தனமாக இருக்கிறதே என்பது நியாயமான குறை. தலைப்பிலும் பாடநூலிலும் அது இருக்கட்டும். ஆசிரியர்கள் கையில் கொடுக்கும் தாளில் ‘காதுகொடுத்துக் கேட்டல்’ என்றே எழுதலாம். காதைக் கொடுத்த பிறகு ‘கேட்டல்’ வினவலாக மாறாது. எனக்குத் தூய்மையைவிடத் தெளிவு முக்கியம். இந்தச் சொல்லிலோ இரண்டும் சேர்ந்தே கிடைக்கின்றன.

இதே குறிப்புகளில் ‘நெகோஷியேஷன்’ என்பதைப் ‘பேரம்’ ஆக்கியிருப்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலத்துக்கு ‘ஓய்வில்லாமை’ என்று பொருள். அதிலிருந்து வணிகம், பிறகு உடன்பாட்டுப் பேச்சு. அந்த வணிக வாடையைப் பிடித்துக்கொண்டு பேரம் என்றால், ஆசிரியர் உடனே விலை பேசத் தொடங்குகிறார்: கதவைத் திறந்தால் தண்டனை இல்லை, நாற்காலியைக் கீழே வைத்தால் வீட்டுக்குச் சொல்லமாட்டேன். காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்காதே என்பது இந்தத் துறையின் பாலபாடம். ‘பேச்சுவார்த்தை’ என்ற சொல் எல்லோருக்கும் தெரிந்திருக்க, அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டியது மொழிபெயர்ப்பாளரின் அவசரம். குறிப்பை அச்சுக்கு அனுப்பும் முன் ஓர் ஆசிரியரிடம் கொடுத்து, ‘இதைப் படித்தபின் என்ன செய்வீர்கள்?’ என்று ஒருமுறை கேட்டிருந்தாலே இரண்டு சொற்களும் வெளியே போயிருக்கும்.