கச்சேரி வட்டில் ஏன் 1080ஐ?

சினிமா புளூ-ரே வட்டின் அட்டையைத் திருப்பினால் பெரும்பாலும் 1080பி (1080p) என்று இருக்கும். இசைக் கச்சேரி வட்டுகள் பலவற்றில் 1080ஐ (1080i) என்று இருக்கும். அதைப் பார்த்ததுமே மட்டமான பதிவு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. வேலூர்ப் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பிகளிடம் பேசினாலும் இதே எண்ணம்தான்: ‘ஐ’ பழசு, ‘பி’ புதுசு. பழைய கேசட்டைக் கணினிக்கு மாற்றித் தரச் சொன்னால், நம்மைக் கேட்காமலே 25பி, அதாவது நொடிக்கு 25 முழுப் படங்கள், ஆக்கித் தருகிறார்கள். திருவிழாவுக்கும் கூத்துக்கும் எடுத்த பதிவுகள் இப்படி மாறும்போது அவற்றிலிருந்த அசைவில் பாதி போய்விடுகிறது. போனது திரும்ப வராது. அதனால் இந்த ‘ஐ’ எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடுவது நல்லது.

1080 என்பது படத்தில் மேலிருந்து கீழாக அடுக்கியிருக்கும் கோடுகளின் எண்ணிக்கை. ஒரு கோட்டுக்கு 1920 புள்ளிகள். 1080பி, அதாவது புரோகிரெசிவ் முறையில், ஒரே கணத்தில் பிடித்த 1080 கோடுகளும் ஒரு முழுப் படமாக வரும். 1080ஐ, அதாவது இன்டர்லேஸ் முறையில், முதலில் 1, 3, 5 என்று 540 ஒற்றைப்படைக் கோடுகள் வரும். ஐம்பதில் ஒரு நொடி கழித்து 2, 4, 6 என்று 540 இரட்டைப்படைக் கோடுகள் வரும். ஒவ்வொரு பாதிக்கும் ஃபீல்டு என்று பெயர். இதில் பலருக்குத் தெரியாத இடம் ஒன்று இருக்கிறது. இரண்டாவது ஃபீல்டைக் கேமரா வேறொரு கணத்தில், புதிதாகப் பார்த்துப் பிடிக்கிறது. ஆகவே ‘நொடிக்கு 25 படம்’ என்று எழுதியிருந்தாலும் 50ஐ (நொடிக்கு 50 ஃபீல்டு) பதிவில் நொடிக்கு 50 வெவ்வேறு கணங்கள் இருக்கின்றன.

அம்மன் கோயில் திருவிழாவில் பம்பை அடிப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். குச்சியின் நுனி நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐம்பதில் ஒரு நொடிக்குள் அது 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். திரையின் அகலத்துக்குள் 4 மீட்டர் இடம் தெரிகிறதென்றால் அந்த 10 சென்டிமீட்டர் 48 புள்ளிகள். 25பி-யில் எடுத்தால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே குச்சி 96 புள்ளிகள் தாவும். கண்ணுக்கு அந்தத் தாவல் தெரியும். சினிமாவில் நொடிக்கு 24 படங்கள்தான். ஆனால் அங்கே கேமரா எவ்வளவு வேகமாகத் திரும்பலாம், நடிகர் எப்படி நகரலாம் என்பதையெல்லாம் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்கிறார்கள். மிருதங்கக்காரரின் விரலோ, கட்டை கட்டிச் சுழலும் கூத்துக்காரரின் காலோ கேமராவுக்காக மெதுவாகாது. கச்சேரியையும் ஆட்டத்தையும் பொறுத்தவரை நொடிக்கு 50 கணங்கள் கிடைப்பது கோடுகளின் எண்ணிக்கையைவிடப் பெரிய லாபம் என்பது என் தீர்மானமான கருத்து.

இந்த ஏற்பாடு தொலைக்காட்சியின் தொடக்க காலத்திலேயே வந்துவிட்டது. 1936-இல் பிபிசி தொடங்கிய 405 கோட்டு ஒளிபரப்பே இன்டர்லேஸ்தான். அன்றைய படக்குழாயில் எலெக்ட்ரான் கற்றை கோடு கோடாக வரைந்துகொண்டு போகும். வரைந்த ஒளி சீக்கிரம் மங்கும். நொடிக்கு 25 தடவை மட்டும் வரைந்தால் திரை மினுமினுக்கும். 50 முழுப் படங்களை அனுப்பினால் அலைவரிசையில் இரு மடங்கு இடம் வேண்டும். பாதிப் பாதியாக 50 தடவை அனுப்பினால் மினுக்கலும் அடங்கும், அலைவரிசையில் கூடுதல் இடமும் வேண்டாம். மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடும் நாடுகளில் 50 ஃபீல்டு, 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 60 என்று அமைந்தது. நம் தூர்தர்ஷன் பின்பற்றிய 625 கோட்டு முறையிலும் 50தான்.

எச்டி வந்தபோதும் கணக்கு அதேதான். 1080 கோடுகளில் நொடிக்கு 50 முழுப் படங்கள் என்றால் 10 கோடியே 36 லட்சம் புள்ளிகள். 1080ஐ என்றால் அதில் சரிபாதி. ஒளிபரப்பு வண்டிக்குள் கேமராவையும், பல கேமராக்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் ஸ்விட்சரையும் இணைத்த எச்டி கேபிள் நொடிக்கு 1.485 ஜிகாபிட் சுமப்பது. 1080ஐ அதில் அடங்கும்; 1080பி 50 அடங்காது. கச்சேரிகளைப் பதிவு செய்தது பெரும்பாலும் இத்தகைய வண்டிகள்தான். வேகமான விளையாட்டுக்காகக் கோடுகளைக் குறைத்து 720பி-யைத் தேர்ந்துகொண்ட ஈஎஸ்பிஎன் போன்ற விளையாட்டு ஒளிபரப்பு நிறுவனங்களும் உண்டு.

2006-இல் வந்த புளூ-ரே வட்டின் விதிகளும் இதை ஒட்டியே அமைந்தன. 1080 கோடுகளில் புரோகிரெசிவ் என்றால் நொடிக்கு 24 படங்கள் மட்டும். 50, 60 வேண்டுமானால் இன்டர்லேஸாகத்தான் வர வேண்டும், இல்லையென்றால் 720பி-க்கு இறங்க வேண்டும். ஆக, கச்சேரி வட்டில் 1080ஐ என்று போட்டிருப்பது தயாரித்தவரின் கஞ்சத்தனத்தைக் காட்டுவதில்லை. அசைவை முழுதாகக் கொடுக்க அந்த வட்டில் இருந்த வழிகளில் கோடு அதிகமுள்ள வழி அதுதான். பின்னால் வந்த அல்ட்ரா எச்டி வட்டில் 60 வரை முழுப் படங்களுக்கே இடம் இருக்கிறது.

இன்டர்லேஸுக்குச் செலவு இல்லாமல் இல்லை. குடியாத்தம் கைலியின் மெல்லிய குறுக்குக் கோட்டைத் தொலைவிலிருந்து எடுத்தால், அது படத்தில் ஒரே ஒரு கோட்டின் மேல் விழக்கூடும். அப்போது அது ஒரு ஃபீல்டில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. நொடிக்கு 25 தடவை தோன்றி மறைந்து துடிக்கும். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரத்தை எட்ட நின்று எடுத்தாலும் அடுக்குகளின் விளிம்பில் இதே துடிப்பைப் பார்க்கலாம். இதைத் தணிக்கக் கேமராவே அடுத்தடுத்த கோடுகளைச் சற்றுக் கலந்துதான் பதிவு செய்கிறது. அதனால் 1080ஐ-யின் செங்குத்துக் கூர்மை உண்மையில் 1080 கோட்டுக்குக் குறைவே. அசையாத காட்சியில் 1080பி-தான் ஜெயிக்கும்.

வீட்டுக்கு வந்தபின் நடப்பதும் முக்கியம். பழைய படக்குழாய் ஃபீல்டை அப்படியே காட்டியது. இன்றைய எல்சிடி, ஓஎல்இடி திரைகளுக்கு எல்லாக் கோடுகளும் சேர்ந்த முழுப் படம் வேண்டும். பிளேயரோ டிவியோ அதை உருவாக்கித் தர வேண்டும். இந்த வேலைக்கு டீஇன்டர்லேஸ் என்று பெயர். இரண்டு ஃபீல்டையும் அப்படியே கோத்துவிட்டால் அசையாத இடம் கூர்மையாக வரும். அசைந்த கை மட்டும் ஓரத்தில் சீப்புப் பல்லாகப் பிசிறும். பம்பைக் குச்சியில் அந்தப் பல்லின் நீளம் நாம் முன்பு பார்த்த 48 புள்ளிகள். மேடையில் யாராவது ஃபிளாஷ் அடித்தால் அது ஒரு ஃபீல்டில் மட்டும் விழுந்து, படத்தில் ஒன்றுவிட்டு ஒரு கோடு வெளுத்துப்போகும். ஒவ்வொரு ஃபீல்டையும் தனியாக எடுத்து இடைக்கோடுகளை ஊகித்து நிரப்பினால் பிசிறு போகும், கூர்மை குறையும். நல்ல கருவிகள் இரண்டையும் சேர்த்துச் செய்கின்றன: அசையாத இடத்தில் கோப்பது, அசையும் இடத்தில் அக்கம்பக்கத்துக் கோடுகளையும் முன்பின் ஃபீல்டுகளையும் பார்த்து நிரப்புவது. ஒரே வட்டு ஒரு வீட்டில் துல்லியமாகவும் இன்னொரு வீட்டில் பிசிறாகவும் தெரிவதற்கு இதுதான் காரணம். பிளேயரின் வெளியீட்டை 1080ஐ-யில் ஒரு தடவையும் 1080பி-யில் ஒரு தடவையும் வைத்துப் பார்த்தால், இந்த வேலையைப் பிளேயர் நன்றாகச் செய்கிறதா டிவி நன்றாகச் செய்கிறதா என்பது தெரிந்துவிடும்.

அட்டையில் 1080ஐ என்று போட்டிருந்தும் உள்ளே முழுப் படங்கள் இருப்பதும் உண்டு. நொடிக்கு 25 அல்லது 30 முழுப் படங்களாக எடுத்த கச்சேரியை, புளூ-ரே விதியில் அந்த வேகங்களுக்கு 1080பி இடம் இல்லாததால், இரண்டு ஃபீல்டாகப் பிரித்து வைத்திருப்பார்கள். இரண்டும் ஒரே கணத்தைச் சேர்ந்தவை என்பதால் கோத்தாலே படம் பழுதில்லாமல் கிடைக்கும். எது எது என்று கண்டுபிடிக்க, அந்தக் காட்சியைக் கணினியில் விஎல்சி (VLC) என்ற வீடியோ பிளேயரில் ஓட்டி, டீஇன்டர்லேஸை அணைத்து, வேகமான அசைவில் நிறுத்துங்கள். பிசிறு தெரிந்தால் அசல் இன்டர்லேஸ். தெரியாவிட்டால் முழுப் படங்கள்.

நம் ஊர்க் கேசட்டுகளுக்கு வருகிறேன். இங்கே எடுத்த மினிடிவி (MiniDV) கேசட்டில் இருப்பது 576 கோடு, 50 ஃபீல்டு. பிறகு வந்த எச்டிவி (HDV) கேசட்டுகளில் பெரும்பாலானவை 1080ஐ, 50 ஃபீல்டு. இதை 25பி-யாக மாற்றும்போது நொடிக்கு 50 கணங்கள் 25 ஆகின்றன. ஒன்றுவிட்டு ஒரு ஃபீல்டை வீசியெறியும் முறையில் பாதிக் கோடுகளும் சேர்ந்து போகும். இரண்டையும் கலந்துவிடும் முறையில் ஆடுபவரின் கைக்குப் பக்கத்தில் அதன் நிழல் ஒன்று ஒட்டிக்கொள்ளும். விடியவிடிய நடக்கும் கூத்தில் முகவீணைக்கும் மத்தளத்துக்கும் ஈடுகொடுத்து அடவு பிடிக்கும் காலை நாளைக்கு ஒரு மாணவர் பார்த்துக் கற்க வேண்டுமானால், அவருக்கு அந்த 50-உம் வேண்டும். யூடியூப் நொடிக்கு 50 படங்களை ஏற்கும். யாடிஃப் (yadif), பிடபிள்யூடிஐஎஃப் (bwdif) போன்ற இலவச டீஇன்டர்லேஸ் வடிப்பான்களில் ஃபீல்டுக்கு ஒரு படம் என்று தேர்ந்துகொண்டால் 50ஐ அப்படியே 50பி ஆகிவிடும்.

அப்போது ஃபீல்டு வரிசையைக் கவனிக்க வேண்டும். நம் ஊர் மினிடிவி-யில் கீழ்க்கோட்டு (இரட்டைப்படை) ஃபீல்டு முதலில் வரும். 1080ஐ-யில் மேல்கோட்டு (ஒற்றைப்படை) ஃபீல்டு முதலில். வரிசையைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டால் ஆடுபவர் ஓரடி பின்னே போய் மூன்றடி முன்னே தாவுவார். படம் முழுக்க உதறும். மாற்றித் தருபவரிடம் 50பி-யில் ஒரு பிரதியும், கேசட்டிலிருந்து இறக்கிய கோப்பு கைபடாமல் அப்படியே ஒன்றும் கேட்டு வாங்குங்கள். மினிடிவி ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி. எட்டு மணி நேரக் கூத்துக்கு 104 ஜிபி.