2 மி.மீ. தகட்டை நம்பி ஓடும் ஆர்எக்ஸ்-7

ஜப்பானிலிருந்து மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரை இறக்குமதி செய்பவர்களில் பலர் முதலில் கைவைப்பது சைலன்சரில்தான். சத்தம் கம்பீரமாகும், வேகம் கொஞ்சம் கூடும், செலவும் அதிகமில்லை. ஆனால் இந்தக் காரில் சைலன்சரை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்டால் எஞ்சினே உடைந்துபோக வாய்ப்பு உண்டு. காரணம், அந்த எஞ்சினுக்குள் இருக்கும் 2 மி.மீ. தடிமன் கொண்ட சில இரும்புத் தகடுகள்.

நான் பேசுவது 1991 முதல் 2002 வரை தயாரான மூன்றாம் தலைமுறைக் கார். ஆர்வலர்களிடம் 'எஃப்டி' என்றால் போதும். அமெரிக்காவில் இது புதுக் காராக விற்கப்பட்டது மூன்று மாடல் ஆண்டுகள்தான், 1993 முதல் 1995 வரை. 25 வயதான கார்களுக்குப் பாதுகாப்புச் சட்டங்களிலிருந்து அங்கே விலக்கு உண்டு என்பதால், 1999இல் வந்த 280 குதிரைத்திறன் மாடல்கள் 2024 முதல் சட்டப்படி உள்ளே வருகின்றன. பிரிட்டனில் ஓடும் எஃப்டிகளிலும் பெரும்பாலானவை ஜப்பானில் ஓடிய பழைய கார்களே.

இதில் இருப்பது ரோட்டரி எஞ்சின்; பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. நடுவில் லேசாக ஒடுங்கிய நீள்வட்ட அறை. அதற்குள் பக்கங்கள் புடைத்த முக்கோண ரோட்டர் ஒன்று சுழல்கிறது. ரோட்டரின் மூன்று முனைகளும் எப்போதும் சுவரைத் தொட்டபடியே போவதால், சுவருக்கும் ரோட்டருக்கும் நடுவே மூன்று தனி அறைகள் உருவாகின்றன. ரோட்டர் நகர நகர ஒவ்வொரு அறையும் விரிந்து கலவையை உறிஞ்சும், சுருங்கி அழுத்தும், எரிந்து தள்ளும், புகையை வெளியேற்றும். ரோட்டர் ஒரு சுற்று முடிப்பதற்குள் சக்தியை வெளியே கொண்டுபோகும் நடுத்தண்டு மூன்று சுற்று சுற்றிவிடும். நடுத்தண்டின் சுற்றைக் காட்டும் முள் 8,000ஐத் தொடும்போதும் ரோட்டர் நிமிடத்துக்குச் சுமார் 2,700 சுற்றுதான் சுற்றுகிறது. மேலும் கீழும் அடிக்கும் பாகம் எதுவும் இல்லாததால் அதிர்வே தெரியாது. 654 சிசி வீதம் இரண்டு ரோட்டர், மொத்தம் 1,308 சிசி. அதிலிருந்து தொடக்கத்தில் 255, கடைசியில் 280 குதிரைத்திறன்.

ரோட்டரின் ஒவ்வொரு முனையிலும் ஒரு பள்ளம், அதில் ஒரு தகடு, அதன் அடியில் ஸ்பிரிங். ஏபெக்ஸ் சீல் என்பது இதுதான். பக்கத்து அறைகளின் வாயு ஒன்றோடொன்று கலக்காமல் தடுப்பது இதன் வேலை. பிஸ்டன் ரிங்கைப் போல நிதானமாக ஆயிலில் நனைந்துகொண்டிருக்கும் வசதி இதற்குக் கிடையாது. சுவரைத் தேய்த்துக்கொண்டே, நெருப்புக்கும் புதுக் காற்றுக்கும் மாறி மாறி முகம் கொடுத்துக்கொண்டே ஓட வேண்டும்.

1960களில் மாஸ்டாவைத் திணறடித்ததும் இந்தச் சீல்தான். ஜெர்மனியின் என்எஸ்யு நிறுவனத்திடமிருந்து உரிமம் வாங்கி எஞ்சினைச் செய்து பார்த்தால், சீல்கள் அதிர்ந்து அதிர்ந்து குரோம் பூசிய சுவரில் அலை அலையாகக் கோடு கீறின. 'சாத்தானின் நகக் கீறல்' என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். கெனிச்சி யமமோட்டோ தலைமையிலான 47 பொறியாளர்கள் கடைசியில் கார்பனும் அலுமினியமும் சேர்ந்த சீலைக் கொண்டு அதை அடக்கினார்கள். 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் சாலைக்கு வந்தது. எஃப்டிக்குள் இருப்பது அதற்குப் பிந்தைய வார்ப்பிரும்புச் சீல். தேய்மானத்தை நன்றாகவே தாங்கும். தாங்காதது ஒன்றுதான்: திடீர் அடி.

அந்த அடி எங்கிருந்து வருகிறது? நாக்கிங்கிலிருந்து. கலவை ஒழுங்காக, படிப்படியாக எரியாமல் ஒரு மூலையில் தானாகவே வெடித்தால் அழுத்தம் ஒரே நொடியில் எகிறும். பிஸ்டன் எஞ்சின் பல நேரம் அதைப் பொறுத்துக்கொள்ளும். இங்கே சீல் துண்டாகும். உடைந்த துண்டு சுவரைக் கீறிவிட்டு, எக்ஸாஸ்ட் வழியாகப் போய் அந்த வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போவின் இறக்கைகளையும் நாசமாக்கும்.

இப்போது சைலன்சருக்கு வருவோம். இந்தக் காரின் கம்ப்யூட்டர் உள்ளே வரும் காற்றை நேரடியாக அளப்பதில்லை. காற்று உள்ளே வரும் இன்டேக்கில் உள்ள அழுத்தத்தையும் வெப்பத்தையும் பார்த்து, 'இந்த அழுத்தம் என்றால் இவ்வளவு காற்று' என்று தன்னிடமுள்ள அட்டவணைப்படி பெட்ரோலை விடுகிறது. புகைவழியை அகலமாக்கினால் எரிந்த வாயு எளிதாக வெளியேறும்; அதே அழுத்தத்தில் முன்பைவிட அதிகக் காற்று உள்ளே வரும். கம்ப்யூட்டருக்கு அது தெரியாது, பழைய அளவே பெட்ரோல் விடும். போதாததற்கு, எக்ஸாஸ்ட் வாயுவை டர்போவுக்கு வெளியே திருப்பிவிடும் வேஸ்ட்கேட் இதில் சிறியது. வாயு தடையின்றி ஓடத் தொடங்கியதும் அதனால் சமாளிக்க முடியாமல், சுமார் 0.7 பாரில் நிற்க வேண்டிய பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) அதைத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். பெட்ரோல் குறைந்த கலவை, கூடிய அழுத்தம், கூடிய வெப்பம். நாக்கிங்குக்கு வேறென்ன வேண்டும்?

இறக்குமதிக் காருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஜப்பானில் விலை கூடிய பெட்ரோல் பொதுவாக 98 முதல் 100 ஆக்டேன்; நாக்கிங்கைப் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் எண் அது. பிரிட்டனில் சாதாரணப் பெட்ரோல் 95. அமெரிக்க பங்க்கில் 91 என்று எழுதியிருப்பது வேறு கணக்கு, ஜப்பானிய அளவில் ஏறக்குறைய 95 அல்லது 96 வரும். கார் எந்தப் பெட்ரோலுக்கு ட்யூன் ஆகியிருக்கிறது என்று தெரியாமல் ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதிப்பது ஆபத்து. சைலன்சரையும் புதிதாக ட்யூன் செய்த கம்ப்யூட்டரையும் ஒரே வேலையாகத்தான் நினைக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வெப்பம்தான் அடுத்த எதிரி. எஞ்சின் டிபன் கேரியர் மாதிரி அடுக்கடுக்கானது: வார்ப்பிரும்புத் தட்டு மூன்று, அவற்றின் நடுவே அலுமினிய அறை இரண்டு, எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கும் நீண்ட போல்ட்டுகள். சூடானால் அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும். அடுக்குகளின் இடையே கூலன்ட் கசியாமல் காப்பது ரப்பர் வளையங்கள். ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடானாலே அவை கெட்டுவிடலாம். அப்புறம் கூலன்ட் எரியும் அறைக்குள் இறங்கும், காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப்புகை வரும், எஞ்சினை முழுவதும் பிரித்தாக வேண்டும். கூலன்டிலிருந்து காற்றைப் பிரிக்கும் சின்ன பிளாஸ்டிக் டாங்க் ஒன்றும் இருக்கிறது. பழசானால் அதில் விரிசல் விழும். அலுமினியத்தில் செய்ததை மாட்டிவிடுவது நல்லது. டாஷ்போர்டில் உள்ள வெப்ப முள்ளை நம்ப வேண்டாம். வெப்பம் கணிசமாக ஏறும் வரை அது நடுவிலேயே நிற்கும் வகையில் அமைத்திருக்கிறார்கள். இந்தக் காரில் செய்யும் முதல் மாற்றம் டிகிரியைக் காட்டும் ஒரு நல்ல மீட்டராக இருக்கட்டும், இரண்டாவது பெரிய ரேடியேட்டர். குதிரைத்திறனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆயிலைப் பொறுத்தவரை, இந்த எஞ்சின் ஆயில் குடிக்கிறது என்று யாராவது குறை சொன்னால், குடிக்கத்தான் வேண்டும். சீல்களை நனைக்க ஒரு சிறிய பம்ப் எஞ்சின் ஆயிலையே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே செலுத்துகிறது. அது அங்கேயே எரிந்துபோகிறது. அளவு குறையவே இல்லையென்றால்தான் கவலைப்பட வேண்டும். பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயிலையும் பார்த்துவிடுவது இந்தக் காருக்கு எழுதப்படாத விதி. கூடுதல் பாதுகாப்புக்காகப் பெட்ரோலிலேயே கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலப்பவர்களும் உண்டு.

குளிர்ந்த காரை வாசலிலிருந்து ஷெட்டுக்கு நகர்த்தி உடனே அணைக்கும் பழக்கமும் கூடாது. குளிரில் அதிகமாக விடப்பட்ட பெட்ரோல் சீல்மேல் உள்ள ஆயிலைக் கழுவிவிடும். கம்ப்ரஷன் (அறைக்குள் உருவாகும் அழுத்தம்) விழுந்து, அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாது.

இரண்டு டர்போக்களில் ஒன்று மட்டும் முதலில் வேலை செய்யும், சுமார் 4,500 சுற்றில் மற்றதும் சேர்ந்துகொள்ளும். அந்தக் கைமாற்றத்தை நடத்துவது ஏராளமான வேக்குவம் ஹோஸ்களும் சொலினாய்டுகள் என்ற மின்வால்வுகளும். பல வருட வெப்பத்தில் ஹோஸ் காய்ந்து விறைத்திருக்கும். ஒன்று கழன்றாலும் இரண்டாவது டர்போ விழிக்காது. பலர் வெறுத்துப்போய் ஒற்றைப் பெரிய டர்போவுக்கு மாறுகிறார்கள். சாலையில் ஓட்டும் காருக்கு, சிலிக்கோன் ஹோஸ் போட்டு அசல் அமைப்பை மீட்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. குறைந்த வேகத்தில் அது தரும் இழுவையைப் பெரிய டர்போ தராது.

வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் ரோட்டரிக்கென்றே உள்ள டெஸ்டரில் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்ல வேண்டும். சாதாரண கேஜ் ஒரு ரோட்டரின் மூன்று அறைகளில் உயர்ந்த எண்ணை மட்டும் காட்டும். பலவீனமான அறை ஒளிந்துகொள்ளும். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், மூன்று எண்களும் தனித்தனியாக வர வேண்டும். நிமிடத்துக்கு 250 சுற்றில் சுமார் 7 கி.கி./ச.செ.மீ.க்குக் கீழே இருந்தாலோ, ஒரே ரோட்டரின் மூன்று எண்களுக்குள் 1.5க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, எஞ்சினைப் பிரித்துக் கட்டும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். விற்பவர் டெஸ்டுக்கே சம்மதிக்காவிட்டால் வேறு காரைப் பாருங்கள்.