குட்டி டார்க் ரெஞ்சு வாங்கப் போகிறவர்களுக்கு

மறுபடியும் ஒரு சிலிண்டர் ஹெட். ஸ்பார்க் பிளக் மாட்டும் மரை (திருகுச் சுற்று) மொத்தமாக உருவிக்கொண்டு வந்து, அலுமினியம் சுருள் சுருளாகப் பிளக்கிலேயே ஒட்டிக்கிடக்கிறது. பினாங்கில் ஜெலுத்தோங்கோ பட்டர்வொர்த்தோ, எந்த ஒர்க்ஷாப்பிலும் இது பழைய சங்கதிதான். இப்போது கூடவே ஒரு புது வசனம் வருகிறது: “டார்க் ரெஞ்சு போட்டுத்தான் அண்ணே முடுக்கினேன்.” வைத்த முறுக்கு விசை வந்ததும் ‘டிக்’ என்று சொல்வதுதான் டார்க் ரெஞ்சு. அந்த ரெஞ்சை வாங்கிப் பார்த்தால், ஆன்லைனில் ‘மினி’ என்று விற்ற சாமான். இடுக்கில் அழகாக நுழையும். அதன் அளவு 20 முதல் 100 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அலகு). முடுக்கியதோ 12-க்கு மேல் போகக்கூடாத காப்சாய் (சின்ன மோட்டார்சைக்கிள்) பிளக். பிடியை 20-க்கும் கீழே கோடில்லாத இடத்துக்குத் திருகி, குத்துமதிப்பாக வைத்திருக்கிறார்கள்.

ரெஞ்சின் நீளத்தைப் பார்த்து வாங்காதீர்கள். முடுக்கப்போகும் போல்ட்டுக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் என்பதை முதலில் பாருங்கள். இஎக்ஸ்5, ஒய்15 போன்ற மோட்டார்சைக்கிள்களில் இருப்பது 10 மில்லிமீட்டர் மரைப் பிளக். அலுமினிய ஹெட்டில் அதற்கு 10 முதல் 12 வரைதான். 12 மில்லிமீட்டர் பிளக்குக்கு 15 முதல் 20. வாஷர் வைத்த 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு 25 முதல் 30. வால்வ் கவரைப் பிடித்திருக்கும் ஆறாம் நம்பர் (6 மில்லிமீட்டர்) மரை போல்ட்டுகள் பெரும்பாலும் 10-ஐச் சுற்றி. வண்டியின் மேனுவல் வேறு எண் சொன்னால் அதுவே சரி. இப்போது யோசித்துப் பாருங்கள், கை நுழையாத இடத்தில் இருப்பவை அநேகமாக எல்லாமே சின்ன எண்கள். கார் சக்கர நட்டுக்கு 100-க்கு மேல் வேண்டும், ஆனால் அது வெட்டவெளியில் இருக்கிறது, அதற்கு எதற்கு குட்டி ரெஞ்சு? கால் இன்ச் டிரைவில் (சாக்கெட் மாட்டும் சதுர முனை) 5 முதல் 25 வரையுள்ள ஒன்று இடுக்கு வேலையில் முக்கால்வாசியை முடித்துவிடும். 14 மில்லிமீட்டர் பிளக்கும் அடிக்கடி வருமென்றால், 3/8 இன்ச்சில் 10 முதல் 50 வரையுள்ளது இன்னொன்று. ஒரே ரெஞ்சில் எல்லாம் ஆகட்டும் என்ற சிக்கனத்துக்குக் கூலி, ஹெட்டைக் கழற்றி மரைக்கு இன்சர்ட் (புது மரைச் சுருள்) போடும் செலவு.

டப்பாவில் எழுதியிருக்கும் கூட்டல் கழித்தல் 4 சதவீதப் பிழை என்பது, முழு அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலேதான் செல்லும். 100 வரை போகும் ரெஞ்சு 20-க்குக் கீழே எதற்கும் பொறுப்பேற்காது. அங்கே ஸ்பிரிங் அழுந்தியே இருக்காது. ‘டிக்’ வந்தாலும் கைக்குத் தெரியாத அளவு மெல்லியதாக வரும். இடுக்குக்குள் தலையை விட்டுக்கொண்டு, ரோட்டில் லாரி சத்தத்தோடு, அந்த டிக்குக்காகக் காத்துக்கொண்டே இழுப்பீர்கள். போல்ட் காத்திருக்காது.

அடுத்து ராட்செட் தலை, அதாவது ஒரு பக்கம் மட்டும் பிடித்து முடுக்கும் பல்சக்கரம். 24 பல் தலை என்றால் ஒவ்வொரு பல்லுக்கும் 15 டிகிரி வீச வேண்டும். 20 சென்டிமீட்டர் பிடியின் நுனியில் அது 5 சென்டிமீட்டருக்கு மேல். 72 பல் என்றால் 5 டிகிரி, நுனியில் 2 சென்டிமீட்டர்கூட இல்லை. இடுக்கில் வேலை ஆவதும் ஆகாததும் இந்த வித்தியாசத்தில்தான். தலையின் தடிப்பையும் பாருங்கள். சாக்கெட்டை மாட்டியபின் மொத்த உயரம் எவ்வளவு என்று கடையிலேயே டேப் வைத்து அளக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பழைய ஹோண்டா சிட்டி ஐ-டிஎஸ்ஐ இன்ஜினில் எட்டு பிளக். பின்வரிசை நாலும் ஃபயர்வால் (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகடு) பக்கம் ஒளிந்திருக்கும். அங்கே எந்தக் குட்டி ரெஞ்சைத் தேடுவதையும்விட வைப்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுவது சுலபம். இடத்தை உண்டாக்க முடிந்தால் முதலில் அதைச் செய்யுங்கள்.

ரொம்பக் குட்டையும் ஆகாது. 25 நியூட்டன் மீட்டர் வர, 20 சென்டிமீட்டர் பிடியில் சுமார் 13 கிலோ பலம் போதும். 12 சென்டிமீட்டர் பிடியில் 21 கிலோ வேண்டும். உடம்பை வளைத்துக்கொண்டு 21 கிலோவை நிதானமாக இழுக்க முடியாது, வெட்டி இழுப்பீர்கள். வெட்டி இழுத்தால் டிக்கைத் தாண்டிப் போய்விடும்.

இனி, கேட்டுக் கேட்டுக் காது புளித்த விஷயம். “எக்ஸ்டென்ஷன் ராடு போட்டால் டார்க் குறையும், அதனால் கொஞ்சம் கூட்டி வை.” யார் சொன்னது? ரெஞ்சுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே மாட்டும் அந்த ராடு நேராக, போல்ட்டின் தலைக்கு நேர் மேலே நின்றால் ரெஞ்சில் வைத்த 12 அப்படியே 12-ஆகத்தான் கீழே போகும். மூன்று இன்ச் போட்டாலும் பத்து இன்ச் போட்டாலும் அதேதான். நீள ராடு கொஞ்சம் முறுகும், கை கொஞ்சம் கூடுதலாக நகரும், அவ்வளவே. இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்றும் தெரியும். டயர் கடை இம்பேக்ட் கன்னில் ராடு போட்டால் அடி உண்மையாகவே மட்டுப்படும், அங்கே அது சரி. அடித்து முடுக்குவதும் இழுத்து முடுக்குவதும் ஒன்றில்லை. கன்னில் கற்றதைக் கொண்டுவந்து கையால் இழுக்கும் ரெஞ்சில் 20 சதவீதம் கூட்டினால், 12 வேண்டிய பிளக் 14.4 வாங்கும். மரை போனபின் பிளக் கம்பெனியைத் திட்டுவது.

கணக்குப் பார்க்கவேண்டிய இடத்தில் இதே ஆட்கள் பார்ப்பதில்லை. குரோஃபுட், அதாவது ரெஞ்சின் தலையில் மாட்டி முன்பக்கம் நீட்டிக்கொள்ளும் ஸ்பேனர் வாய், டார்க்கை மாற்றும். ரெஞ்சின் டிரைவ் மையத்திலிருந்து பிடியின் நடு வரை 250 மில்லிமீட்டர், குரோஃபுட் 40 மில்லிமீட்டர் முன்னால் நீள்கிறது என்று வையுங்கள். போல்ட்டுக்கு 20 வேண்டும். 20-ஐ 250-ஆல் பெருக்கி 290-ஆல் வகுத்தால் 17.2. ரெஞ்சில் வைக்கவேண்டியது இதுதான். 20-ஐயே வைத்தால் போல்ட்டுக்குப் போவது 23.2. குட்டி ரெஞ்சில் இது இன்னும் மோசம். பிடி 150 மில்லிமீட்டர் என்றால் அதே 20 வைத்தால் 25.3 போகும், கால்வாசிக்கு மேல் அதிகம். குட்டையாக வாங்க வாங்கக் குரோஃபுட்டின் பிழை வளரும். தலைவலி வேண்டாமென்றால் குரோஃபுட்டைப் பிடிக்குக் குறுக்காக, 90 டிகிரியில் மாட்டுங்கள்; வித்தியாசம் கண்டுகொள்ளாமல் விடும் அளவுக்கு இறங்கிவிடும்.

யுனிவர்சல் ஜாயின்ட்டை, அதாவது சாய்வாக மாட்டவிடும் மூட்டை, கூடுமானவரை தவிருங்கள். 15 டிகிரி சாய்வுக்குள் 3, 4 சதவீதம் ஏறி இறங்கும், தாங்கலாம். 30 டிகிரியில் 13 குறையலாம், 15 கூடலாம். எந்தப் பக்கம் போனது என்று வெளியிலிருந்து தெரியாது.

மற்றதெல்லாம் சுருக்கமாக. பிளக்கை முதலில் விரலாலோ ரப்பர் குழாயாலோ கடைசி மரை வரை சுற்றி இறக்குங்கள். பாதியில் பிடித்தால் வெளியே எடுங்கள், ரெஞ்சை மாட்டாதீர்கள். இன்ஜின் ஆறியிருக்கட்டும். மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவி அதே எண்ணுக்கு முடுக்கினால் அதிகமாக இறுகும். பிடியின் நடுவில் பிடியுங்கள், இன்னொரு கை ராட்செட் தலையைத் தாங்கட்டும். ஒரு டிக் போதும். “நிச்சயத்துக்கு” இன்னொரு டிக் வேண்டாம். கழற்றுவதற்கு டார்க் ரெஞ்சைத் தொடவே தொடாதீர்கள், அதற்குத்தான் சாதா ராட்செட் இருக்கிறது. டிஜிட்டல் வாங்குகிறவர்கள் சத்தமும் அதிர்வும் சேர்ந்து தருவதைப் பாருங்கள், இடுக்குக்குள் திரை யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது? எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகையும் படியுங்கள். அடி-பவுண்டு 10 என்பது 13.6 நியூட்டன் மீட்டர்.

பினாங்கின் லோரோங் கூலிட் சந்தையில் பழைய ஸ்பேனர் தாராளமாக வாங்குங்கள், நல்ல சாமான் கிடைக்கும். டார்க் ரெஞ்சை மட்டும் அங்கே வாங்காதீர்கள். எத்தனை பேர் அதைச் சுத்தியலாக்கினார்கள் என்று அதன் மேல் எழுதியிருக்காது. புதிதாக வாங்கினாலும், வேலை முடிந்ததும் பிடியை அதன் குறைந்த அளவுக்கு இறக்கி, டப்பாவில் போட்டு வையுங்கள். அதற்கும் கீழே தளர்த்த வேண்டாம். பினாங்கு ஈரத்தில் வண்டியின் பூட்டில் கிடந்தால் உள்ளே துரு பிடிக்கும். 12 மாதத்துக்கு ஒருமுறை, அல்லது 5000 முறை முடுக்கியதும், எது முந்துகிறதோ அப்போது, சாம் (மலேசிய ஆய்வகங்களுக்கான அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் உள்ள அளவீட்டுக் கூடத்தில் கொடுத்துச் சரிபாருங்கள். முழு அளவின் 20, 60, 100 சதவீதத்தில் தனித்தனியாகச் சோதித்த தாளைக் கேட்டு வாங்குங்கள். நடு எண்ணை மட்டும் சோதித்துத் தந்தால் திருப்பிக் கொடுங்கள், உங்கள் பிளக் இருப்பது கீழ் எண்ணில்.