கொடியில் காயும் வேட்டியும் தெற்கே நிற்கும் திரிசங்கும்

ஏப்ரல் மாதம் சென்னைக்குத் தெற்கே இருக்கும் கோவளம் கடற்கரைப் பக்கம் ஒரு மொட்டைமாடியில் வேட்டி காயப் போட்டுப் பாருங்கள். காலை 10 மணிக்கு மேற்கிலிருந்து மேல்காற்று வீசும், வேட்டி கடலைப் பார்த்துப் படபடக்கும். வெயில் ஏற ஏறக் காற்று அடங்கி, வேட்டி அப்படியே தொங்கும். தென்னங்கீற்றுகூட அசையாது. அப்புறம் கிழக்கிலிருந்து முதல் வீச்சு வரும். வேட்டி ஊர்ப்பக்கம் திரும்பும், கழுத்து வியர்வை சில்லென்று காயும். கடற்காற்று இறங்கிவிட்டது. அந்த நேரத்தைத் தினமும் ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன். அன்றிரவு வானம் எப்படி இருக்கும் என்பதற்கு எனக்குக் கிடைக்கும் முதல் துப்பு அதுதான்.

ஒரு கிலோ காய்ந்த மணலை ஒரு டிகிரி சூடாக்குவதைப் போல ஐந்து மடங்கு வெப்பம் வேண்டும், ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க. போதாததற்கு, மணலில் வெயில் மேல்தோலோடு நின்றுவிடுகிறது. கடலில் ஒளி பல மீட்டர் ஆழம் இறங்குகிறது, அலை அதைக் கலக்கியும் விடுகிறது. அதனால்தான் மதியம் மணலில் வெறுங்கால் வைக்க முடியாதபோதும் கடல் 29, 30 டிகிரியிலேயே கிடக்கிறது. நிலத்தின் மேல் சூடான காற்று விரிந்து எழும்ப, கீழே அழுத்தம் குறைகிறது; கடல் மேலிருக்கும் குளிர்ந்த, கனமான காற்று உள்ளே நுழைகிறது. இரண்டு காற்றும் முட்டும் இடத்தில் ஈரம் மேலே தள்ளப்பட்டு, மேற்கே பஞ்சு மேகங்கள் வரிசை கட்டும். கடலுக்கு மேல் வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். பூமி சுழல்வதால், நாம் இருக்கும் வட அரைக்கோளத்தில் காற்று வலப்புறமாக ஒதுங்கும். மதியம் கிழக்கிலிருந்து வந்தது, மாலையில் தென்கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வரத் தொடங்குவது அதனால்தான்.

மேல்காற்று பலமாக இருக்கும் நாட்களில் கடற்காற்று கரையேறத் தாமதமாகும். மே கடைசியில் சென்னை கொதிப்பது பெரும்பாலும் இதனால். 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது.

சரி, இரவுக்கு வருவோம். ஏப்ரல் நடுவில் இரவு 11 மணி வாக்கில் தெற்கே பார்த்தால் தெற்குச் சிலுவை என்ற நட்சத்திரக் கூட்டம் நிமிர்ந்து நிற்கும். நம் மரபில் திரிசங்கு. அதன் அடி நட்சத்திரம் இங்கே அடிவானத்திலிருந்து 14 பாகைதான் உயரும். கையை நீட்டிப் பிடித்த முஷ்டி ஏறக்குறைய 10 பாகை. அப்படி ஒன்றரை முஷ்டிகூட வராது. நேர் உச்சியில் இருக்கும் நட்சத்திரத்தின் ஒளி கடக்கும் காற்றைப் போல நான்கு மடங்கு காற்றைத் துளைத்துக்கொண்டு அதன் ஒளி நம் கண்ணுக்கு வர வேண்டும்.

அந்தக் காற்று முழுக்க உப்பு. அலை உடையும்போது எழும் குமிழிகள் வெடித்து, நுண்ணிய உப்புத் துகள்களைக் காற்றில் விடுகின்றன. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும், மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதுபோல, அவை நீரை உறிஞ்சிச் சிறு துளிகளாகப் பருக்கின்றன. நட்சத்திர ஒளியைச் சிதறடிப்பவை இந்தத் துளிகள். நகரத்து விளக்கொளியையும் நம் பக்கம் திருப்பிவிடுகின்றன.

கடற்காற்று சீக்கிரம் இறங்கி ராத்திரி வரை விடாமல் வீசிய நாட்களில், உயரத்தில் இருக்கும் சித்திரை நட்சத்திரம் பளிச்சென்று தெரியும், திரிசங்கு மட்டும் கரைந்து கிடக்கும். சிலுவையின் நான்கு முனைகளில் வலப்பக்கம் இருப்பதுதான் மங்கல். அது கண்ணுக்குத் தெரிந்தால் நல்ல இரவு. காற்று அடங்கி, நிலத்துப் பக்கமிருந்து லேசாக வீசத் தொடங்கும்போது தெற்கு கொஞ்சம் கொஞ்சமாகத் துலங்கும். 1 மணி வாக்கில் ஆல்ஃபா சென்டாரி என்ற நட்சத்திரமும் தன் அதிகபட்ச உயரத்துக்கு வந்துவிடும். ஒரு கோடை மழை பெய்து ஓய்ந்த இரவு என்றால் கேட்கவே வேண்டாம், துகள்களையெல்லாம் மழை கழுவி இறக்கியிருக்கும்.

காற்றையும் நட்சத்திரத்தையும் ஒரே இடத்திலிருந்து கவனிப்பது சென்னைக்குப் பழைய வழக்கம். நுங்கம்பாக்கத்தில் 1792-ல் அமைந்த மதராஸ் வானாய்வகத்தில் வானிலைக் குறிப்புகளும் எடுத்தார்கள். அங்கே உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஒளி கூடிக் குறையும் ஆர் ரெட்டிகுலி என்ற நட்சத்திரத்தை 1867-ல் கண்டுபிடித்தார். அதுவும் சென்னையிலிருந்து 14 பாகைக்கு மேல் ஏறாத நட்சத்திரம், திரிசங்கின் அடியைப் போலவே! இதே உப்புக் காற்று வழியாகத்தான் அவர் அதைப் பார்த்தார். மங்கியது நட்சத்திரமா, நடுவிலிருக்கும் காற்றா என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. அதே உயரத்தில் இருக்கும் பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட வேண்டும். காற்று மங்கலாக்கினால் எல்லாம் சேர்ந்தே மங்கும். அதனால் நோட்டில் வேட்டி திரும்பிய நேரத்துக்குக் கீழே, அன்றிரவு எது எதைவிட மங்கலாக இருந்தது என்றும் ஒரு வரி எழுதுகிறேன்.