டிஷ்வாஷர் ஓடுகிறது, தண்ணீர் சுடுகிறதா?

டிஷ்வாஷர் அடியோடு நின்றுபோனால் அன்றைக்கே எனக்குப் போன் வந்துவிடும். தண்ணீரைச் சுட வைக்காமலே ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்தான் மாதக்கணக்கில் வீட்டாரை ஏமாற்றும். சத்தம் கேட்கிறது, தண்ணீர் ஏறுகிறது, இறங்குகிறது, முடிந்ததும் பீப் அடிக்கிறது. தட்டில் மட்டும் பிசுக்குப் போவதில்லை. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தாமான்களிலும் (வீடமைப்புக் குடியிருப்புகளிலும்) நான் சர்வீஸுக்குப் போகிற வீடுகளில் பழி முதலில் சோப்பு மாத்திரை மேல்தான் விழுகிறது. "எல்லா பிராண்டும் மாத்திப் பார்த்துட்டேன் தம்பி" என்று அக்காமார்கள் சொல்வார்கள். பிறகு கையால் ஒருமுறை கழுவி, மெஷினில் இன்னொரு முறை கழுவி, இரண்டு வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்தக் கோளாறு நம் ஊரில் இவ்வளவு நாள் ஒளிந்திருக்க ஒரு காரணம் உண்டு. குளிர்நாடுகளில் பனிக்காலக் குழாய்த் தண்ணீர் கையை விறைக்க வைக்கும். ஹீட்டர் போனால் அடுத்த கழுவலிலேயே தெரிந்துவிடும். இங்கே குழாயில் வருவதே 27, 28 டிகிரி. கூரைத் தொட்டியில் வெயில் பட்ட தண்ணீர் என்றால் இன்னும் கூடுதல். பாதியில் கதவைத் திறந்து தொட்டுப் பார்க்கிறவருக்கு அது வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். சுடுகிறது என்று நம்பிவிடுகிறார்.

கொழுப்பை அப்படி ஏமாற்ற முடியாது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும், ஆகவே சூடில்லாத மெஷினிலும் அது ஓரளவு போகும். ஆட்டுக்கொழுப்பு இளகுவதற்கு 40 டிகிரிக்கு மேல் வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை ரசமும் பொரியலும் வைத்த பாத்திரம் சுமாராக வெளியே வந்து, ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிப் பிரட்டல் செய்த சட்டி மட்டும் வெள்ளைப் படலத்தோடு வந்தால் ஹீட்டர் பக்கம் சந்தேகப்படலாம். இந்த வேறுபாட்டைக் கவனித்துச் சொல்கிறவர்கள் எனக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

இன்னொரு அடையாளம் ஈரம். வீட்டு மெஷின்கள் பெரும்பாலும் கடைசி அலசலில் தண்ணீரை நன்றாகச் சூடாக்கி, அந்தச் சூட்டை வைத்தே பாத்திரத்தை உலர வைக்கின்றன. சூடு இல்லையென்றால் பீங்கான் தட்டும் எவர்சில்வர் கிண்ணமும் சொட்டச் சொட்ட வெளியே வரும். பிளாஸ்டிக் டப்பாவை வைத்து முடிவு செய்யாதீர்கள். நல்ல மெஷினிலும் அது ஈரமாகத்தான் இருக்கும். மாத்திரை முழுதாகக் கரையாமல் அடியில் ஒட்டிக்கிடப்பதும் இதே கதைதான்.

மெஷினைத் திறக்காமல், பணம் செலவழிக்காமல் உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. ஐஸ்பெட்டி, ஏர்கான், மற்ற எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் அடைத்துவிட்டு டிஷ்வாஷரை மட்டும் 65 டிகிரி புரோகிராமில் ஓட விடுங்கள். பிறகு வாசலில் இருக்கும் மின்மீட்டரின் சிவப்பு விளக்கைப் பாருங்கள். மீட்டர் முகத்தில் ஒரு யூனிட்டுக்கு 1000 துடிப்பு (1000 imp/kWh) என்று அச்சிட்டிருந்தால், 2000 வாட் ஹீட்டர் வேலை செய்யும்போது அந்த விளக்கு நிமிடத்துக்கு 33 தடவை போல் மின்னும். வெறும் பம்ப் மட்டும் ஓடினால் இரண்டு மூன்று தடவைதான். எண் 1600 என்றிருந்தால் அதே விகிதத்தில் கூட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறி முடிந்த பிறகு அரை மணி நேரத்துக்கு அவ்வப்போது போய்ப் பாருங்கள். முன்அலசல் உள்ள மெஷின் சூடேற்றத் தொடங்கவே நேரம் எடுக்கும். 4 லிட்டர் தண்ணீரை 28-லிருந்து 65 டிகிரிக்குக் கொண்டுபோகக் கணக்குப்படி 5 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். பாத்திரமும் உள்ளே இருக்கும் எஃகும் சூட்டை வாங்கிக்கொள்வதால் நடப்பில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. ஆகவே விளக்கு வேகமாக மின்னுவது சில விநாடியில் தப்பிப் போகிற விஷயமில்லை. ஹீட்டர் நன்றாக இருந்தால் கண்ணில் பட்டே தீரும்.

விளக்கு மின்னும் வேகம் கூடவே இல்லையா? அப்போதும் ஹீட்டர் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் புரோகிராம். வெறும் அலசல் புரோகிராம் தண்ணீரைச் சூடாக்கவே சூடாக்காது.

அடுத்தது தண்ணீர். இதைத்தான் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். போதுமான தண்ணீர் உள்ளே வந்து, அது நன்றாகச் சுழல்கிறது என்று தெரிந்த பிறகே போர்டு, அதாவது மெஷினை இயக்கும் மின்னணுப் பலகை, ஹீட்டருக்குக் கரண்டு விடும். தண்ணீரில்லாமல் காயில் (ஹீட்டருக்குள் சூடாகும் கம்பிச்சுருள்) எரிந்துவிடாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். நம் தாமான் வீடுகளில் சமையலறைக் குழாய் பெரும்பாலும் வெளிப் பைப்பிலிருந்து நேராக வரும், மற்றவை கூரைத் தொட்டியிலிருந்து. டிஷ்வாஷரைப் பின்கட்டில் வைத்தவர்கள் பலர் தொட்டிப் பைப்பில் மாட்டியிருக்கிறார்கள். 10 மீட்டர் உயரம்தான் 1 பார் அழுத்தம். தொட்டி தலைக்கு மேல் 3 மீட்டரில் இருந்தால் 0.3 பார். பல மெஷின்கள் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் வரை கேட்கும். ஓரத்தில் தடுமாறும் அந்த மெஷினுக்கு, பைப் முனையின் சல்லடையில் கொஞ்சம் சேறு அடைத்தாலே போதும், தண்ணீர் குறைந்து ஹீட்டர் எழும்பாது. பைப் உடைந்து சரிசெய்த மறுவாரம் கலங்கல் தண்ணீர் வந்த தெருவில் எனக்கு வேலை கூடுவது இதனால்தான்.

உள்ளே அடித்தட்டில் உள்ள வடிகட்டியையும் கழற்றிப் பாருங்கள். கறிவேப்பிலை, கடுகு, முருங்கைக்காய்ச் சக்கை, சோற்றுப் பருக்கை எல்லாம் அங்கே களியாகக் கிடக்கும். சுழற்சி குறைந்தால் சூடும் குறையும். வாரம் ஒருமுறை கழுவினால் போதும். ஐரோப்பிய வீடியோக்களில் காட்டுகிற சுண்ணாம்புப் படிவை இங்கே முதல் எதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆற்றிலிருந்து வரும் நம் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது.

இதற்குப் பிறகுதான் பழுது பார்ப்பவரின் வேலை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹீட்டரின் ஓம், அதாவது மின்தடை, அளக்க வேண்டும். 230 வோல்ட்டில் 2000 வாட் காயில் என்றால் 26 ஓம் அளவில் காட்டும், 1800 வாட் என்றால் 29 ஓம் அளவில். அளவே காட்டவில்லை என்றால் காயில் அறுந்திருக்கலாம், அல்லது அதோடு தொடராக இருக்கும் வெப்பப் பாதுகாப்பு (சூடு மீறினால் கரண்டை வெட்டும் பாகம்) கட்டாகியிருக்கலாம். இரண்டையும் தனித்தனியாக அளக்காமல் சொல்ல முடியாது. காயில் சரியாக இருந்தால் போர்டில் உள்ள ரிலேயை, ஹீட்டருக்குக் கரண்டைத் திறந்து மூடும் சுவிட்சை, பார்க்க வேண்டும். 8 ஆம்பியருக்கு மேல் கரண்டு அதன் வழியாகத்தான் போகிறது. அதன் கால்களைப் பற்றவைத்த ஈயம் வெடித்து, சுற்றிலும் பழுப்பேறியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். போர்டுக்குள் புகுந்த பல்லியும் கரப்பானும் செய்கிற சேதம் தனி. சாயங்கால இடியில் அடிபட்ட போர்டும் உண்டு. மின்னல் வெட்டத் தொடங்கினால் பிளக்கைப் பிடுங்கி வைப்பது நல்லது.

ஓய்வுபெற்ற கிராணி (தோட்டத்து எழுத்தர்) ஐயா ஒருவர் புது ஹீட்டருக்கு 600 வெள்ளிக்கு மேல் கொடுத்த பிறகும் தண்ணீர் சுடவில்லை என்று என்னைக் கூப்பிட்டார். போர்டில் ரிலேதான் கருகியிருந்தது. அவருடைய பழைய ஹீட்டரை யாரும் அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை. இப்போதைய பல மாடல்களில் ஹீட்டரும் பம்பும் ஒரே உருப்படி; மாற்றினால் முழுதாக மாற்ற வேண்டும், விலையும் அப்படி. பென்ஷன் பணத்தில் இது சின்னத் தொகையா? அதனால் யார் வந்தாலும் "ஓம் எவ்வளவு காட்டுது, காட்டுங்க" என்று கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கி வையுங்கள். நல்ல ஆள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சில வேலைகளை யாரும் செய்யக் கூடாது. வெப்பப் பாதுகாப்பு கட்டாகிவிட்டது என்று வயரால் நேரடியாகச் சேர்த்துவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். மெஷின் அன்று சுடும், வீட்டார் சந்தோஷமாகப் பணம் கொடுப்பார்கள். பிறகு ஒருநாள் தண்ணீர் நின்று காயில் சிவக்கும்போது தடுக்க ஒன்றும் இருக்காது. வீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஓடுகிற மெஷின் இது. அப்படிச் செய்யச் சொல்லி என்னிடம் கேட்டவர்களுக்கு நான் மறுத்திருக்கிறேன், இனியும் மறுப்பேன்.

எக்ஸ்டென்ஷனும் அப்படித்தான். டிஷ்வாஷரும் மின்கெண்டியும் ஒரே எக்ஸ்டென்ஷனில் சேர்ந்து ஓடினால் 17 ஆம்பியர் தாண்டும். அந்தப் பிளக்கு 13 ஆம்பியருக்கானது. பிளக்கு மஞ்சளாகி, கருகிய வாடை வந்தால் அன்றே நிறுத்துங்கள். சுவரில் தனி பாயிண்ட் போடுவதற்கு எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேனைக் கூப்பிடுங்கள், குறிப்பாகப் பழைய தோட்டத்து வீடுகளில். மெஷின் சூடேறத் தொடங்கும் நேரம் பார்த்து இஎல்சிபி (மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டும் சுவிட்சு) விழுந்தால், காயிலில் கசிவு இருக்கக்கூடும். மறுபடி மறுபடி தூக்கிவிட்டு ஓட்டாதீர்கள்.

ஆளைக் கூப்பிடும்போது நான்கு விஷயம் சொன்னால் வருகிறவர் சரியான பாகத்தோடு வருவார்: கதவின் உள்ளோரத்தில் ஒட்டியிருக்கும் மாடல் எண், திரையில் தெரிந்த எரர் கோடு, எந்த புரோகிராமில் ஓட்டினீர்கள் என்பது, மீட்டர் விளக்கு நிமிடத்துக்கு எத்தனை தடவை மின்னியது என்பது. மாடல் எண்ணைப் போனில் படம் பிடித்து அனுப்பிவிடுங்கள், படித்துச் சொன்னால் ஓர் எழுத்து மாறிப் போகும்.